மஞ்சள் டாக்ஸியில் அம்மாவின் குரல்

பெங்களூரில் எனக்கு வேலை கிடைத்தபோது, என்ன வேலை என்று அப்பா கேட்டார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "கோடு போடுற வேலைப்பா" என்றேன். வாயில் சோறு இருந்ததால் அதற்கு மேல் விளக்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

அப்பா கனரக இயந்திரத் தொழிற்சாலையில் லேத் மெஷினில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெரிந்த உலகத்தில் கோடு போடுகிறவர்கள் டிராயிங் ஆபீசில், மின்விசிறிக்குக் கீழே, அழுக்குப்படாத சட்டையோடு உட்கார்ந்திருப்பவர்கள். தன் மகள் டிராயிங் ஆபீசில் சேர்ந்துவிட்டாள் என்று, எங்கள் ஊரிகம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் சாயங்காலம் கூடும் பென்ஷன்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். மூன்று மாதம் கழித்து அவருடைய நண்பர் ஒருவர் என்னை வழிமறித்து, "மாடியில ஒரு ரூம் எடுக்கலாம்னு கீறேன், நீயே ஒரு பிளான் போட்டுக் குடும்மா" என்று கேட்ட பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

அன்று வீட்டுக்குப் போனதும் என் கைப்பேசியை அப்பாவின் கையில் வைத்தேன். "இதான்பா நான் போடுற கோடு."

திரையில் மேலிருந்து பார்த்த ஒரு சின்ன ஊர். தெருக்கள், ஒரு பாலம், ஒரு மார்க்கெட். ஓரத்தில் ஒரு மஞ்சள் டாக்ஸி. அதன் மேல் விரலை வைத்துத் தெரு வழியாக இழுத்தால் விரலுக்குப் பின்னாலேயே வெள்ளைக் கோடு விழும். விரலை எடுத்ததும் டாக்ஸி அந்தக் கோட்டின் மேல் ஓடும். தெருமுனைகளில் கை காட்டி நிற்பவர்களை ஒவ்வொருவராக ஏற்றி அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிட வேண்டும். லாரியில் இடிக்கக்கூடாது. ஏற்றாமல் தாண்டிப் போனால் நின்றவர் திட்டுவார். விளையாட்டு அவ்வளவுதான். அதில் தப்பு கண்டுபிடிப்பது என் வேலை. ஒரு பேக்கரியின் மாடியில் எட்டுப் பேர் உட்கார்ந்து அந்த விளையாட்டைச் செய்துகொண்டிருந்தோம். காலை முதல் மாலை வரை நான் நேராகவும் கோணலாகவும் கோடு போட்டு, டாக்ஸி எங்கே சுவருக்குள் நுழைகிறது, எங்கே ஆற்றுக்கு மேலே ஓடுகிறது என்று குறித்து வைப்பேன்.

அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் விளையாடினார். பிறகு பாலத்தைக் காட்டி, "இந்த லாரி இன்னா ராங் சைடுல வருது?" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். மூன்று மாதமாக என் கண்ணில் படாத தப்பு அது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாதான் எனக்கு உதவியாள். டிராயிங் ஆபீஸ் விஷயத்தை மட்டும் நண்பர்களிடம் அவர் திருத்தவே இல்லை.

அம்மாவுக்கு விளையாட்டில் ஆர்வமில்லை. "எத்தினி லெவல் கீது?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். நாற்பது என்றேன். "அய்யய்யோ, அவ்ளோ கீழ எறங்கினா மூச்சு முட்டுமேடி" என்றாள். அம்மாவின் அப்பா எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர். எங்கள் ஊரில் லெவல் என்றால் பூமிக்குள் எவ்வளவு ஆழம் என்றுதான் அர்த்தம். விளையாட்டில் லெவல் மேலே போகும் என்று எவ்வளவு சொல்லியும் அம்மா அதை நம்பவில்லை.

விளையாட்டு முதலில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வந்தது. அடுத்தது தமிழ். பயணிகள் பேசும் சின்னச் சின்ன வசனங்களை ஒரு ஸ்டூடியோவில் மாதிரிக்குப் பதிவு செய்து அனுப்பியிருந்தார்கள். எங்கள் தலைவர், மண்டியா பக்கத்துக்காரர், எல்லோரையும் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் போட்டார். அழகான ஒரு பெண் குரல் சொன்னது: "ஐயா ஓட்டுநரே, தயவுசெய்து வண்டியை நிறுத்துங்கள்."

நான் சிரித்துவிட்டேன். ஆபீசில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். அதனால் சிரித்ததும் நான் ஒருத்திதான். என்ன என்று தலைவர் கன்னடத்தில் கேட்டார். "இப்படிக் கூப்பிட்டா எந்த வண்டியும் நிக்காது சார்" என்றேன்.

"அப்போ எப்படிக் கூப்பிடுவாங்க?"

சொல்லிக் காட்ட முயன்றேன். எனக்கும் வரவில்லை. வெட்கமாக இருந்தது. "எங்க ஊர்ல வந்து கேளுங்க சார்" என்றேன்.

"நான் எதுக்கு வரணும்? நீங்களே பதிவு பண்ணிக்கிட்டு வாங்க" என்று ஒரு நல்ல மைக்கை என் பையில் வைத்து அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுப் பின்னறையின் ஜன்னலில் இரண்டு கம்பளிகளைத் தொங்கவிட்டேன். எங்களுடையது லைன் வீடு. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். பின்னறைதான் கொஞ்சம் அமைதி. அம்மாவைக் கூப்பிட்டேன். வந்தவளைப் பார்த்து அசந்துபோனேன். பட்டுப் புடவை, பவுடர், தலையில் பூ.

"அம்மா, குரல் மட்டும்தான் எடுக்கறோம்."

"அதனால இன்னா? பேசறவ நல்லா இருந்தாதானே பேச்சும் நல்லா இருக்கும்?"

மைக்கை முன்னால் வைத்தேன். "டாக்ஸி உன்ன ஏத்தாம போவுது. நீ திட்டு. அவ்ளோதான்." அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். கைகளைக் கட்டிக்கொண்டாள். "ஓட்டுநரே, இது நியாயமா?" என்று செய்தி வாசிப்பதுபோல் கேட்டாள்.

"எப்பவும் பேசற மாதிரி பேசும்மா."

"எப்பவும் பேசற மாதிரி பேசினா ஊரே சிரிக்கும். ஒழுங்காதான் பேசுவேன்."

எத்தனை முறை எடுத்தும் அப்படியேதான் வந்தது. தினம் காலையில் குழாயடியிலிருந்து தெருக்கோடி வரை கேட்கும் குரல், மைக்கைப் பார்த்ததும் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. அப்பாவை உட்கார வைத்தேன். அவருக்கு ஒரே வரிதான்: "இங்கயே எறக்கிடுப்பா." அவர் ஒவ்வொரு முறையும் அந்த வரிக்கு முன்னால் இருமினார். இருமாதபோது, முடித்ததும் "சரியாம்மா?" என்று சேர்த்துக் கேட்டார். பதினொரு மணிக்கு என்னிடம் உபயோகப்படும்படி ஒரு வரிகூட இல்லை.

அப்போதுதான் வெளியே அந்தச் சத்தம் கேட்டது.

"யோவ்! யோவ்! இன்னா, கண்ணு முதுகுல கீதா? கை காட்டினு நிக்கறவ மனுசியா தெர்ல, லைட்டுக் கம்பமா?"

பக்கத்து வீட்டு அத்தை. அவளை ஏற்றாமல் போன ஆட்டோக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தாள். கம்பளிகளையும் தாண்டி ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக வந்து விழுந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சுவரைப் பார்த்தாள்.

எங்கள் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஆனால் அம்மாவும் அவளும் பேசி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அத்தையின் மகள் கல்யாணப் பத்திரிகை அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. ஊரெல்லாம் குங்குமச் சிமிழோடு போய்க் கூப்பிட்டவள், பக்கத்து வீட்டுக்குப் படம் அனுப்பிவிட்டாளே என்று அம்மாவுக்குத் தாங்கவில்லை. அப்பாவையும் என்னையும் மட்டும் கல்யாணத்துக்கு அனுப்பினாள். அதோடு பேச்சு நின்றது. சாம்பார் வாசனை மட்டும் சுவரைத் தாண்டி இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருந்தது.

நான் எழுந்து வெளியே போனேன். அத்தை மார்க்கெட் பையோடு வாசலில் நின்றிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"கேமா? அதுல நான் இன்னா பண்ணணும்?"

"டாக்ஸிக்காரனத் திட்டணும் அத்தை. இப்ப திட்டினீங்களே, அதே மாதிரி."

"அதுக்கு எதுக்குடி மிஷினு? தெனம் சும்மாவே பண்றேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க வூட்லயா? உங்கம்மா கீறாங்களா?" என்றாள்.

"கீறாங்க."

பையைக் கீழே வைத்தாள். கொண்டையை அவிழ்த்துத் திரும்பப் போட்டாள். "சரி, நட" என்று எனக்கு முன்னால் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தாள்.

அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள். அத்தைக்கு மைக் ஒரு பொருட்டே இல்லை. பொங்கிப் பொங்கி வந்தது. "ஏம்பா, காலையிலேர்ந்து நிக்கறேன், நீ இன்னா ஊர்வலமா போற?" என்றாள். "எறங்கி வா, ஒனக்கு நானே ஓட்டிக் காட்றேன்" என்றாள். ஒவ்வொரு வரியும் தங்கம். ஆனால் ஒவ்வொரு வரியின் நடுவிலும் சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தது. முதலில் டம்ளர், பிறகு தட்டு, பிறகு குக்கர் மூடி. நான் எழுந்து போய் அம்மாவைக் கையோடு இழுத்து வந்தேன்.

"ரெண்டு பேரும் ஒரே மொனையில நிக்கறீங்க. டாக்ஸி ஒருத்தரதான் ஏத்தும். யாரு மொதல்லன்னு சண்ட. ரெண்டே வரி. பேசுங்க."

பதிவு செய்யும் பொத்தானை அழுத்தினேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டே, "நான்தான் முதலில் கை காட்டினேன்" என்றாள், செய்தி வாசிக்கும் குரலிலேயே.

"இல்ல, நான்தான் மொதல்ல கூப்ட்டேன்" என்றாள் அத்தை.

அம்மா சட்டென்று திரும்பினாள். "நீ கூப்ட்டியா? எப்ப கூப்ட்ட? போன்ல படம் அனுப்சா அதுக்குப் பேரு கூப்புடறதா?"

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. அத்தைக்கு அரை நொடிகூட ஆகவில்லை.

"படமா? ரெண்டு வாட்டி குங்குமம் எடுத்துனு வந்து ஒங்க வாசல்ல நின்னேன் அண்ணி! ரெண்டு வாட்டியும் பூட்டு! நீங்க பேத்தமங்களாவுல ஒங்க தங்கச்சி வூட்ல குந்தினு கீறீங்க. மூணாவது வாட்டி வரதுக்குள்ள கல்யாணமே வந்துடும் போல இருந்துது. அதான் அனுப்சேன்!"

"அத ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க இன்னா அனுப்னீங்க? கட்ட விரல்! எம் பொண்ணு கல்யாணத்துக்குக் கட்ட விரல் அனுப்னீங்க அண்ணி! ஆட்டோக்காரன் டாட்டா காட்ற மாதிரி!"

"எனக்கு அது ஒண்ணுதான்டி அமுக்கத் தெரியும்!"

இரண்டு பேருடைய குரலும் ஏறிக்கொண்டே போனது. பட்டுப் புடவையும் பவுடரும் பூவும் எல்லாம் போய், எனக்குத் தெரிந்த அம்மா முழுசாகத் திரும்பி வந்திருந்தாள். மைக்கின் பச்சை விளக்கு சிவப்பைத் தொட்டுத் தொட்டு வந்தது. நிறுத்தவும் தோன்றவில்லை, பேசவும் பயமாக இருந்தது. அப்போது வாசற்படியிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. இருமல் இல்லை. தயக்கம் இல்லை.

"ரெண்டு பேரும் ஏறுங்கம்மா. வண்டியில எடம் கீது."

அத்தை முதலில் சிரித்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து மூக்கால் ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்டு அம்மா சிரித்தாள். கட்டிலில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அப்பா, தான் என்ன சொன்னோம் என்றே தெரியாதவர்போல என்னைப் பார்த்து, "சரியாம்மா?" என்றார்.

அத்தை எழுந்து ஓடினாள். கோபித்துக்கொண்டு போகிறாளோ என்று நினைத்தேன். இரண்டு நிமிஷத்தில் குங்குமச் சிமிழோடு வந்து நின்றாள். அவளுடைய மகளுக்கு ஏழாவது மாதம். அடுத்த வாரம் வளைகாப்பு.

"நேர்ல வந்து கூப்புடறேன் அண்ணி. இதுக்கும் கட்ட விரல்தானா?"

அம்மா குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். "நான் வந்து மொதல் வளையல் அடுக்கினப்புறம்தான் மத்தவங்க அடுக்கணும், சொல்ட்டேன்" என்றாள்.

மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். அம்மாவின் கத்தரிக்காய்க் குழம்பில் உப்பு அதிகம் என்று அத்தை சொன்னாள். ஒன்பது மாதமாக வாசனையிலேயே தனக்கு அது தெரிந்திருந்தது என்றாள். அதற்கு இன்னொரு சண்டை நடந்தது. அதை நான் பதிவு செய்யவில்லை.

திங்கட்கிழமை தலைவரிடம் அந்தப் பதிவை அப்படியே போட்டுக் காட்டினேன். அவருக்குத் தமிழ் பாதிதான் புரியும். ஆனால் நடுவிலேயே மேஜையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "சூப்பர் கண்ரீ!" என்றார் கன்னடத்தில். "யாரு இவங்க, நாடகக்காரங்களா?"

"ஒருத்தர் எங்க அம்மா. ஒருத்தர் பக்கத்து வீடு சார்."

"அந்தக் கட்ட விரல் என்ன?"

விளக்கினேன். கடைசியில் அப்பா சொன்ன வரியை விளக்கியபோது அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார். எங்கள் விளையாட்டில் டாக்ஸியில் ஒரு சமயத்தில் ஒரு பயணிதான் ஏற முடியும். "ரெண்டு பேர ஏத்த முடியாதா?" என்று கணினி நிரல் எழுதும் பெண்ணைக் கேட்டார். முடியாது, எல்லாத்தையும் மாற்ற வேண்டும் என்றாள் அவள். அந்தப் பதிவை அவளுக்கும் போட்டுக் காட்டினார். அவள் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு வாரம் உட்கார்ந்து மாற்றினாள். இப்போது ஒரே முனையில் இரண்டு பேர் நின்று சண்டை போட்டால், அவர்களைச் சுற்றி ஒரு வட்டம் வரைய வேண்டும். வரைந்தால் அப்பாவின் குரல் வரும், இரண்டு பேரும் ஏறிக்கொள்வார்கள். விளையாட்டிலேயே எல்லோருக்கும் பிடித்த இடம் அதுதான் என்று பிறகு பலர் எழுதினார்கள்.

அம்மாவையும் அத்தையையும் அப்பாவையும் கேட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகுதான் குரல்களைச் சேர்த்தோம். அத்தை அந்தத் தாளை முழுக்கப் படித்து, இரண்டு எழுத்துப்பிழைகளைக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். கல்யாண விஷயம் எதுவும் விளையாட்டில் வராது. அன்று குங்குமம் வைத்த கையோடு இரண்டு பேரும் டாக்ஸியைத் திட்டிப் பதிவு செய்த வரிகள் மட்டும்தான்.

தமிழ் விளையாட்டு வெளியானதும் எங்கள் லைனில் எல்லோர் கைப்பேசியிலும் அது ஏறிவிட்டது. அத்தை விளையாடியது ஜெயிப்பதற்காக அல்ல. தன் குரலைக் கேட்பதற்காகவே, தான் நிற்கும் முனையை வேண்டுமென்று தாண்டித் தாண்டிப் போவாள். "கட்ட விரல் காட்றியா நீ?" என்று டாக்ஸியைப் பார்த்துத் தானே கத்துவதைக் கேட்டுச் சந்தோஷப்படுவாள். அம்மா எண்ணிப் பார்த்துவிட்டு என்னிடம் நியாயம் கேட்டாள். "அவளுக்கு ஒம்போது வரி. எனக்கு நாலா?"

"நீதான் செய்தி வாசிச்சியேம்மா."

"அடுத்த வாட்டி மைக்க ஒளிச்சு வெச்சிட்டுப் பேச வெய்யி."

போன மாதம் அம்மாவைக் கண் பரிசோதனைக்காகப் பெங்களூருக்கு அழைத்துப் போனேன். காலை ரயில். பங்காரப்பேட்டையில் கூட்டம் ஏறி, எங்கள் எதிரில் நர்ஸ் உடை போட்ட ஒரு பெண் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். விரல் திரையில் வளைந்து வளைந்து போனது. எனக்கு அந்த விரலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எத்தனையோ நாள் ரயிலில் தேடியிருக்கிறேன், முன்பின் தெரியாத ஒருவர் எங்கள் விளையாட்டை விளையாடுவதை அதுவரை பார்த்ததில்லை. அம்மாவிடம் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் கைப்பேசி கத்தியது.

"எனக்கு முன்னாடி வந்தவ மாதிரி ஏறி குந்திக்கிறா பாரு!"

அம்மாவின் குரல். அம்மா ஜன்னலிலிருந்து திரும்பினாள். அந்தப் பெண் சத்தத்தைக் குறைக்கப் போனாள்.

"கொறைக்காதம்மா" என்றாள் அம்மா. "அந்த ரெண்டு பேரையும் சுத்தி ஒரு வட்டம் போடு. எங்க வூட்டுக்காரரு பேசுவாரு."

நர்ஸ் பெண் கைப்பேசியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். மறுபடி கைப்பேசியைப் பார்த்தாள். "நீங்களா?" என்றாள். "நீங்களா அது? எங்க வார்டுல டீ டைம்ல எல்லாரும் இதான் ஆடறோம்! ஒங்களத் தெரியும்னு சொன்னா நம்பவே மாட்டாங்க. இன்னொரு வாட்டி சொல்லுங்கம்மா, போன்ல எடுத்துக்கறேன்."

பக்கத்து இருக்கையில் இருந்த கன்னடக்காரர் என்ன விஷயம் என்று கேட்டார். அம்மா கன்னடத்தில் அவருக்கு முழுக் கதையும் சொன்னாள். வாட்ஸ்அப் பத்திரிகையிலிருந்து தொடங்கி, வளைகாப்பில் முதல் வளையல் போட்டது வரை. தெலுங்குக்காரப் பாட்டி ஒருவர் புரியவில்லை என்றதும் தெலுங்கிலும் சொன்னாள். பெட்டியில் பாதிப் பேர் திரும்பி உட்கார்ந்துவிட்டார்கள். நர்ஸ் பெண் கைப்பேசியை நீட்டியபோது நான் கொஞ்சம் பயந்தேன். பழையபடி கையைக் கட்டிக்கொண்டு செய்தி வாசித்துவிடுவாளோ என்று. அம்மா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து நின்றாள். ஓடும் ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இல்லாத ஒரு டாக்ஸியைப் பார்த்து, பெட்டியே அதிரும்படி திட்டினாள். கை தட்டினார்கள். அம்மா உட்கார்ந்து, "தண்ணி குடு" என்றாள் என்னிடம்.

பெங்களூரில் இறங்கும்வரை எனக்குப் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை. கண் டாக்டர் அம்மாவை எழுத்துப் பலகைக்கு எதிரில் உட்கார வைத்து, மேலேயிருந்து வாசிக்கச் சொன்னார். அம்மா வாசித்தாள். அவ்வளவு உரக்க வாசித்ததில், வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் சிரித்துக்கொண்டே, கண் நன்றாக இருக்கிறது, கண்ணாடி மாற்ற வேண்டாம், மெதுவாகச் சொன்னாலே போதும் என்றார்.

"இன்னும் ஒரு வரி கீது டாக்டர்" என்றாள் அம்மா. அதையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.